முத்தைச் சோதித்த கரை

தூத்துக்குடிக்குக் கிழக்கே கடலின் அடியில் பரந்து கிடக்கும் முத்துப் பார்களில் இந்த ஆண்டு சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, நடத்தலாமா, கூடாதா என்று தீர்மானிப்பதற்கு முன்னர், ஆங்கிலத் துரைத்தனத்தார் செய்த சோதனை சாமானியமானதன்று. முத்துச் சலாபத்தின் சூப்பரிண்டெண்டு படகேறிச் சென்று, தொலையிரம் பார் முதலிய பார்களின்மேல் நின்று, குளியாட்களை இறக்கி, சிப்பியின் வயது என்ன, பருமன் என்ன, எவ்வளவு நெருக்கமாகக் கிடக்கிறது, பகை மீன்கள் அதனைத் தின்றழித்திருக்கின்றனவா என்பதையெல்லாம் பார்த்துக் குறித்துக்கொள்வார். பின்னர்ச் சில ஆயிரம் சிப்பிகளை மாதிரிக்கென்று அள்ளிவந்து, கரையிலே அழுகவைத்து, பல தண்ணீரில் கழுவி, அடியில் தங்கிய முத்துக்களைக் கைதேர்ந்த வியாபாரிகளைக் கொண்டு மதிப்பிடச் செய்து, ஆயிரம் சிப்பிக்கு இன்ன விலை பெறும் என்பதைப் பகிரங்கமாக அறிவித்துவிடுவார்கள். அந்த அறிவிப்பைக் கண்டு நம்பித்தான் கீழக்கரை, காயல்பட்டினம், யாழ்ப்பாணம் முதலிய ஊர்களிலிருந்தும், அரபு நாட்டுக் கரைகளிலிருந்தும் மனிதர்கள் பணத்தையும் படகையும் உயிரையும் கொண்டுவந்து இக்கரையில் இறங்கினார்கள்.

கரைக்கு வந்த முத்துக்கும் பரீட்சை உண்டு. கிண்ணம்போல் குழிந்த பித்தளைச் சல்லடைகள் பத்து இருந்தன. கரையில் அவற்றைப் பெட்டி என்பார்கள். முதல் பெட்டிக்கு 20 துளை. அடுத்தவற்றிற்கு 30, 50, 80, 100, 200, 400, 600, 800 என்று துளைகள் பெருகிக்கொண்டே போய், பத்தாவது பெட்டிக்கு 1000 துளை. பெட்டியின் அளவு ஒன்றேயாதலால், துளைகள் பெருகப் பெருக அவை நுணுகும். முத்துக்களை முதல் பெட்டியில் இட்டுக் குலுக்கினால் பெரியவை தங்கிவிடும், மற்றவை விழும். விழுந்தவற்றை அடுத்த பெட்டி ஏற்கும். இவ்வாறு பத்துப் பெட்டிகளையும் கடந்த பின்னர், உருட்சியும் ஒளியும் பார்த்து, ஆணி முதல் தூள் வரையில் வகை பிரித்து, மஞ்சாடியால் நிறுத்து, விலை கட்டுவார்கள். மூன்று பேர் சுற்றி உட்கார்ந்து, சிவப்புத் துணியின்மேல் பரப்பிய முத்துக்களை விரல்நுனியால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் அந்தச் சிரத்தைக்கு ஈடான சிரத்தையை உலகத்தில் வேறு வியாபாரத்தில் காண்பது அரிது.

இவ்வளவு நுட்பமாகச் சோதிக்கத் தெரிந்த கரையிலே, ஐந்து பாகம் முதல் பத்துப் பாகம் ஆழத்திற்குக் கல்லைக் காலில் பற்றி இறங்கி, காதில் இரத்தம் வடிய மேலே வந்த மனிதன் வைத்தியத்திற்காகச் சென்று ஒதுங்கிய இடம் எத்தகையது, அங்கே இருந்த மருந்து நல்லதா, கத்தி சுத்தமானதா, வைத்தியம் செய்தவர் கற்றவரா என்பதை யார் சோதித்தார்கள் என்னும் கேள்வியை வைத்துக்கொண்டு இக்கரையின் சரித்திரத்தைப் படித்தால், நாம் வழக்கமாகப் படிக்கும் சரித்திரத்திற்கு வேறான ஒன்று கண்முன் எழுகிறது. நோயாளியைச் சோதித்தார்கள், கூலியாளைச் சோதித்தார்கள், கப்பலைச் சோதித்தார்கள், வைத்தியசாலையைச் சோதிப்பது மட்டும் மிகவும் பிந்தி வந்தது. வந்த பின்னரும், முத்துக்குச் செய்ததுபோல் சோதனையின் முடிவைப் பகிரங்கமாகச் சொல்லும் வழக்கம் இன்னும் வேரூன்றவில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

பாதுகாப்பு என்பதைப் பற்றிய கவலை இக்கரைக்குப் புதிதன்று. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இவ்வழியாகப் பிரயாணம் செய்த மார்க்கோ போலோ, முத்துக் குளிப்பவர்களைச் சுறா முதலிய பெருமீன்கள் தீண்டாதபடி மந்திரத்தால் கட்டுபவர்கள் இருந்தார்கள் என்றும், எடுத்த முத்தில் அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கும், மந்திரம் செய்தவர்களுக்கு இருபதில் ஒரு பங்கும் கொடுக்கப்பட்டன என்றும் எழுதியிருக்கிறார். கடல்கட்டி என்னும் அந்த மந்திரவாதியை ஆங்கிலத் துரைத்தனத்தாரும் 19-ஆம் நூற்றாண்டில் நெடுங்காலம் கைவிடாமல், சலாபத்தின்போது ஊதியம் கொடுத்து வைத்திருந்தார்கள். அவன் கரையில் இல்லாவிட்டால் குளியாட்கள் படகேற மறுத்தமையே அதற்குக் காரணம். மந்திரத்தில் நமக்கு நம்பிக்கை இருக்கலாம், இல்லாமற் போகலாம். ஆயினும் உயிரைப் பணயம் வைத்துக் கடலுக்குள் இறங்குகிறவனுடைய க்ஷேமத்திற்கென்று லாபத்தில் ஒரு பங்கை முன்னதாகவே ஒதுக்கி வைக்க வேண்டும் என்ற கொள்கை, எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே இக்கரையில் நிலைபெற்றிருந்தது என்பது கவனிக்கத் தக்கது.

மேனாட்டு முறையில் அமைந்த வைத்தியசாலை இக்கரைக்கு வந்தது 16-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். பிரான்சிஸ் சவேரியார் 1542-ல் வந்து சென்ற பின்னர், அவருக்குப் பின் வந்து பரதவர்களிடையே தம் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவர் அன்றீக்கே அன்றீக்கசு அடிகளார். தமிழ் எழுத்துக்களை அச்சில் ஏற்றி, 1578-ல் கொல்லத்தில் வெளியிடப்பட்ட ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் நூலுக்காக அவரை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அதற்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே, தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்திலுள்ள புன்னைக்காயலில், ஏழைகளுக்காக அவர் ஒரு வைத்தியசாலையை அமைத்தார் என்பதையும் நாம் அதே மரியாதையோடு நினைவில் வைத்திருக்க வேண்டும். அந்தச் சாலை அரசனுடைய மானியத்தால் நடந்ததன்று; கடலில் சென்று பிழைத்த மக்கள் கொடுத்த தர்மமே அதற்குப் பெருந்துணையாக இருந்தது. முத்தும் மீனும் கொடுத்த காசிலிருந்து ஒரு பகுதி மருந்தாகவும் கஞ்சியாகவும் மாறி, அதே கரையிலுள்ள நோயாளிக்குச் சென்றது.

அந்தச் சாலையைச் சோதித்தவர் யார்? இயேசு சபையாருக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. சபையின் வீடுகளும் காரியங்களும் ஒழுங்காக நடக்கின்றனவா என்று பார்த்துவர, மேலிடத்தின் முழு அதிகாரத்தோடு ஒரு விசாரணைக் குருவை அனுப்புவார்கள். 1574-ல் கோவாவில் வந்திறங்கிய அலெஸ்ஸாந்திரோ வாலிஞானோ அத்தகைய பதவியோடு வந்தவரே. கணக்கு, ஒழுக்கம், தர்மப் பணத்தின் செலவு, ஊழியர்களின் நடத்தை ஆகியவற்றைப் பற்றி அத்தகைய குருமார் விசாரித்து எழுதிய அறிக்கைகள் கப்பலேறி ரோமாபுரிக்குப் போயின. புன்னைக்காயலில் பாயில் படுத்துக்கிடந்த நோயாளிக்கு அவற்றில் ஒரு வரியும் தெரிவதற்கு வழியில்லை. கோவாவிலோ வேறு வகையான சோதனை எழுந்தது. அங்கே 1618-ல் நகர சபையார், பிரதான வைத்தியரிடமோ பிரதான சஸ்திர வைத்தியரிடமோ பரீட்சை கொடுத்துத் தேறாதவர் எவரும் தொழில் செய்யலாகாது என்றும், இந்து வைத்தியர்கள் முப்பது பேருக்குமேல் இருத்தலாகாது என்றும் விதித்தார்கள். கற்றவனா என்று கேட்பது நியாயமான கேள்வி. எந்த மதத்தான் என்று எண்ணிக்கைக்கு வரம்பு கட்டியது நியாயமன்று. சோதனை என்னும் பெயரில் பிறிதொரு நோக்கம் நுழைந்துவிடுவதற்கு இதுவே ஆதிகால உதாரணம்.

முத்துக்கரையிலிருந்து வெகுதூரம் வடக்கே சென்று, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலைப் பார்த்துவிட்டு வருவது அவசியம். அவ்வூர்ப் பெருமாள் கோயிற் சுவரில், 11-ஆம் நூற்றாண்டில் ஆண்ட வீரராசேந்திர சோழன் காலத்துச் சாசனம் ஒன்று இருக்கிறது. கோயிலைச் சார்ந்திருந்த ஆதுலர் சாலையில் பதினைந்து படுக்கைகள் இருக்க வேண்டும், வைத்தியர் ஒருவர், சல்லியக் கிரியை செய்பவர் ஒருவர், மருந்துக்கு வேண்டிய பச்சிலையும் விறகும் கொணர்ந்து மருந்து செய்பவர், நோயாளிகளுக்குப் பணிவிடை செய்யும் பெண்கள், நாவிதர், தண்ணீர் வார்ப்பவர் ஆகியோர் இன்ன இன்ன கூலிக்கு இருக்க வேண்டும் என்று அது விதிப்பதோடு நில்லாமல், ஓராண்டுக்கு இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளையும் பெயர் பெயராக, அளவோடு சொல்லுகிறது. லேகியம், தைலம், கிருதம் என்று ஏறக்குறைய இருபது மருந்துகள். இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒட்டியிருக்கும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலுக்கும் இதற்கும் நோக்கத்தில் வேற்றுமை இல்லை. வைத்தியசாலையில் என்ன இருக்க வேண்டும் என்பதை எல்லோரும் வந்துபோகும் கோயிற் சுவரில், கல்லில் வெட்டி வைத்தார்களே, அந்தச் செயலின் பெருமையை நாம் இன்னும் முழுமையாக உணரவில்லை என்பது என் அபிப்பிராயம். படுக்கை பதினைந்துக்குப் பதிலாகப் பத்து இருந்தால், அதைக் கேட்பதற்கு அதிகாரி வர வேண்டியதில்லை. எழுத்தறிந்த எவரும் கேட்கலாம்.

முத்துக்கரைக்குத் திரும்புவோம். 1658-ல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் தங்கள் கப்பல்களிலும் கோட்டைகளிலும் சஸ்திர வைத்தியர்களை வைத்திருந்தார்கள். பிரயாணத்திற்கு முன்னர் அவர்களுக்குப் பரீட்சையும், மருந்துப் பெட்டிக்கு விதியும் உண்டு. அவை ஒல்லாந்தர் கம்பெனியின் ஆட்களுக்காக ஏற்பட்டவை. ஊராருக்கு நாட்டு வைத்தியரே கதி. 1825-ல் ஊர் ஆங்கிலேயர் கையில் நிலையாக வந்துசேர்ந்தது. அதற்கு முன்னரே, 1809 முதல் 1811 வரையில் கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலிச் சீமைகளை வாட்டிய கொடுங்காய்ச்சலின் காரணத்தை ஆராயும்படி சென்னைத் துரைத்தனத்தார் அமைத்த வைத்தியர் குழு இப்பகுதியின் காற்றையும் நீரையும் மண்ணையும் பற்றி நீண்ட அறிக்கை ஒன்றை எழுதிற்று.

ஆனால் சலாபக் கரையில் துரைத்தனத்தார் அஞ்சியது பேதிக்கே. சலாபம் கூடுகிற மணல்வெளியில் சில வாரங்களுக்குள் ஒரு நகரம் முளைத்துவிடும். ஓலைக் குடிசைகள் வரிசை வரிசையாக எழும்; கொட்டு என்னும் வேலியடைப்புகளில் கோடிக்கணக்கான சிப்பிகள் வெயிலில் அழுகும்; ஈக்கள் கருமேகம்போல் மொய்க்கும்; குடிதண்ணீரோ குறைவு. 1905-ல் இலங்கைக் கரையிலுள்ள மரிச்சுக்கட்டியில் நடந்த பெருஞ்சலாபத்தில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. முந்நூற்றுக்கு மேற்பட்ட படகுகள் கடலுக்குச் சென்றன. பல்லாயிரம் ஜனங்கள் கூடிய அந்த ஓலை நகரத்தில் நீதிமன்றம், சிறைச்சாலை, தபாலாபீஸ், வைத்தியசாலை ஆகியவையும் இருந்தன. பேதி கண்டால் சலாபம் கலையும். சலாபம் கலைந்தால் வருமானம் போகும். சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருடையது. மூன்றில் ஒன்றே குளித்தவனுக்கும் படகுக்கும். ஆதலால் படகிறங்குவோரைப் பார்ப்பதற்கும், நோய் கண்டவனைப் பிரித்து வைப்பதற்கும், கிணற்றைக் காப்பதற்கும் ஆட்கள் நியமிக்கப்பட்டார்கள். சுகாதாரச் சோதனை என்பது இக்கரைக்கு ராஜாங்கத்தின் வேலையாக வந்தது இப்படித்தான்: வருமானத்தைக் காக்கும் வேலியாக வந்தது.

அந்த வேலி எவ்வளவு தூரம் நீண்டது என்பதை அறியத் தட்டப்பாறைக்குப் போக வேண்டும். மணியாச்சியிலிருந்து தூத்துக்குடிக்கு 1876 முதல் ரயில் ஓடுகிறது. அந்தப் பாதையில் துறைமுகத்திற்கு முன்னால் வரும் சிறு நிலையம் தட்டப்பாறை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிமார் அழைத்துச் சென்ற கூலிமக்கள், கொழும்புக் கப்பலேறுவதற்கு முன்னால் அங்கே அமைந்திருந்த முகாமில் தடுத்து வைக்கப்பட்டார்கள். 1896-ல் பம்பாயில் பிளேக் தோன்றியதும், 1897-ல் தொற்றுநோய்ச் சட்டம் இயற்றப்பட்டு, ரயிலில் செல்வோரையும் கப்பலில் செல்வோரையும் நிறுத்திச் சோதிக்கும் அதிகாரம் சர்க்காருக்கு வந்துவிட்டிருந்தது. பெண்ணும் குழந்தையுமாக வரிசையில் நிற்க வைத்து, நாக்கையும் கண்ணையும் அக்குளையும் பார்த்து, துணிகளை வாங்கி ஆவியில் வேகவைத்து, அம்மை குத்தி, காய்ச்சல் எழுகிறதா என்று சில நாட்கள் பார்த்திருந்து, அதன் பின்னரே கப்பலுக்கு விட்டார்கள். முதல் வகுப்புச் சீட்டு வைத்திருந்தவரை இப்படி முகாமில் அடைக்கும் வழக்கம் இல்லை. 1914-ல் பாம்பன் பாலத்தின்மேல் ரயில் ஓடி, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் வந்த பின்னர், இந்த வேலையின் பெரும்பகுதி மண்டபம் முகாமுக்கு மாறிற்று. அங்கே கொக்கிப்புழுவிற்கும் மருந்து கொடுத்தார்கள்.

இதனால் நன்மையே விளையவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அம்மைப்பால் குத்தியதனால் பிழைத்த குழந்தைகள் உண்டு. கொக்கிப்புழு நீங்கியதனால் இரத்தம் ஊறிய உடல்கள் உண்டு. ஆனால் அந்தச் சோதனை எதற்காக ஏற்பட்டது, எவருக்காக ஏற்பட்டது என்பதை மறைக்க முடியாது. கூலியாளின் உடம்பிலுள்ள நோய் தோட்டத்திற்குப் போய்ச் சேரக் கூடாது என்பதே அதன் குறி. அந்தக் கூலியாள் தன் ஊரில், ஒட்டப்பிடாரத்திலோ விளாத்திகுளத்திலோ, காய்ச்சலோடு போய் நிற்கக்கூடிய மருந்துச்சாலை எந்த நிலையில் இருந்தது என்பதை அதே கண்ணோட்டத்தோடு பார்க்க ஒருவரும் வரவில்லை.

முற்றிலும் வரவில்லை என்று சொல்லுவதும் நியாயமாகாது. தூத்துக்குடி 1866-ல் முனிசிபாலிட்டியாயிற்று. முனிசிபாலிட்டிகளும், 1871-ன் சட்டத்தால் ஏற்பட்டு 1884-ன் சட்டத்தால் விரிந்த ஸ்தல ஸ்தாபனங்களும் ஊர்தோறும் தர்ம ஆஸ்பத்திரிகளையும் மருந்துச்சாலைகளையும் நடத்தின. ஜில்லா வைத்திய அதிகாரி அவற்றைப் பார்வையிடுவார். அவர் வருகிறார் என்றால் முதல் நாளே சுண்ணாம்பு அடிப்பார்கள். கம்பவுண்டர் பீங்கான் ஜாடிகளைத் துடைத்து வரிசைப்படுத்துவார். விஷ மருந்து அலமாரியின் சாவி டாக்டருடைய இடுப்பில் இருக்கும். வெளிநோயாளிப் பதிவேடும், மருந்து இருப்புப் புத்தகமும், கத்தி கத்தரிக்கோல் கணக்கும் மேஜைமேல் விரித்து வைக்கப்படும். அதிகாரி எண்ணிப் பார்த்து, பார்வைப் புத்தகத்தில் தம் குறிப்பை எழுதிக் கையெழுத்திட்டுச் செல்வார். எண்ணிக்கைகள் சென்னைக்குப் போய், சர்ஜன் ஜெனரலின் வருஷாந்தர அறிக்கையில் அட்டவணையாக அச்சேறும். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் இறந்தார்கள், எவ்வளவு செலவு என்பவை அங்கே இருக்கும். அலமாரியில் பூட்டிக் கிடந்த பார்வைப் புத்தகத்தை, வாசலில் சீசாவோடு நின்ற நோயாளி என்றைக்கும் பார்த்ததில்லை.

இது நம் நாட்டுக்கு மாத்திரம் உரிய குறையன்று. அமெரிக்காவில் சஸ்திர வைத்தியர் சங்கத்தார், நூறு படுக்கைக்கு மேற்பட்ட 692 ஆஸ்பத்திரிகளை முதன்முதலாகச் சோதித்தபோது, மிகக் குறைந்தபட்சத் தகுதியை எட்டியவை 89 மாத்திரமே என்று கண்டார்கள். தகுதி பெறாதவற்றுள் அந்நாட்டின் மிகப் புகழ்பெற்ற ஆஸ்பத்திரிகளும் இருந்தமையால், 1919-ல் நியூயார்க் நகரத்தில் கூடியவர்கள், பத்திரிகைக்காரர் கையில் சிக்கிவிடக் கூடாதென்று, அந்தப் பட்டியலைத் தாங்கள் தங்கியிருந்த ஹோட்டலின் உலையில் இட்டு எரித்துவிட்டார்கள். கடலிலிருந்து எடுத்த சிப்பியின் மதிப்பை வியாபாரிகளுக்குப் பகிரங்கமாக அறிவித்த அதே காலத்தில், உயிரை ஒப்படைக்கும் இடத்தின் மதிப்பு நெருப்புக்கு இரையாயிற்று. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது என் மனம் மிகவும் வருந்துகிறது.

சட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன. 1914-ன் சென்னை மருத்துவப் பதிவுச் சட்டம் டாக்டரைப் பதிவேட்டில் ஏற்றிற்று. 1926-ல் தாதிகளுக்கும் மருத்துவச்சிகளுக்கும் சட்டம் பிறந்தது. 1939-ல் சென்னை மாகாணம் இந்தியாவிலேயே முதன்முறையாக விரிவானதொரு பொதுச் சுகாதாரச் சட்டத்தை இயற்றிப் புகழ் பெற்றது. மருந்துக் கலப்படத்தை ஆராய்ந்த சோப்ரா கமிட்டியின் யோசனைகளையொட்டி 1940-ல் மருந்துச் சட்டமும், 1948-ல் பார்மஸி சட்டமும் தோன்றின. நாட்டு வைத்தியத்தைப் பற்றி முகம்மது உஸ்மான் தலைமையில் அமைந்த குழு 1923-ல் விரிவான அறிக்கை தந்தது. ஆளுக்குச் சட்டம் வந்தது, மருந்துக்குச் சட்டம் வந்தது, கிணற்றுக்கும் சாக்கடைக்கும் சட்டம் வந்தது. ஆளும் மருந்தும் நோயாளியும் ஒன்று கூடுகிற அந்த அறைக்கு மாத்திரம் சட்டம் வரவில்லை.

அந்த அறையை வயதானவர்கள் நன்றாக அறிவார்கள். தூத்துக்குடியின் ஜெயிலானித் தெருவிலும் கீழூரிலும் மட்டுமன்று, தமிழ்நாட்டின் எந்த ஊர்க் கடைத்தெருவிலும் அது ஒன்றுபோலவே இருந்தது. முன்புறம் ஒரு பெஞ்சு. தட்டி மறைப்புக்குப் பின்னால் டாக்டர். மரத்தடுப்புக்கு அப்பால் கம்பவுண்டர். வீட்டிலிருந்து கொண்டுபோன சீசாவில் சிவப்பு மிக்ஸ்சரை ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்பதைக் காட்டப் பல்போல் வெட்டிய காகிதப் பட்டையைப் பசைபோட்டு ஒட்டித் தருவார். ஸ்பிரிட் அடுப்பின்மேல் எவர்சில்வர் டப்பாவில் கண்ணாடி ஊசிக்குழாயும் ஊசியும் கொதித்துக்கொண்டிருக்கும். கொதித்த நேரம் போதுமா, முந்தின ஆளுக்குப் போட்ட ஊசிதானா இது, முனை மழுங்கிவிட்டதா என்று கேட்கும் வழக்கம் கிடையாது. அவர்களுள் பலர் இரவென்றும் பகலென்றும் பாராமல், காசு இல்லாதவனிடம் காசு கேளாமல் உழைத்த உத்தமர்கள். இருப்பினும் டாக்டரின் நற்குணம், கொதிக்காத ஊசியைச் சுத்தமாக்கிவிடாது. மஞ்சட்காமாலைக் கிருமி ஊசி வழியே ஒருவர் இரத்தத்திலிருந்து மற்றவர் இரத்தத்திற்குப் போகும் என்பது உலகம் பின்னர்க் கற்றுக்கொண்ட பாடம்.

தூத்துக்குடியின் ஆழ்கடல் துறைமுகம் 1974 ஜூலை 11-ல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. துறைமுகச் சுகாதார அதிகாரிக்குச் சர்வதேச விதிகள் உண்டு. வெளிநாட்டுக் கப்பல் வந்தால் அவர் மேலேறிச் சென்று, சமையற்கட்டையும் குடிதண்ணீர்த் தொட்டியையும் எலி நடமாட்டத்தையும் பார்ப்பதோடு, கப்பலிலுள்ள சிறு வைத்திய அறையையும் மருந்துப் பெட்டியையும் திறந்து பார்ப்பார். கப்பலுக்குரிய சுகாதாரச் சான்று ஆறு மாதத்திற்கே செல்லும். ஆக, பனாமாக் கொடி கட்டிய கப்பலில் இருபது மாலுமிகளுக்காக இருந்த மருந்துப் பெட்டிக்கு ஆறு மாதத்திற்கொரு முறை சோதனை. அந்தக் கப்பலின் சரக்கை இறக்கிய தொழிலாளி மாலையில் போய் உட்கார்ந்த கிளினிக்குக்கு ஆயுளில் ஒரு முறையும் சோதனை இல்லை. உப்பளத்தில் பாதம் வெடித்து, உப்பின் வெண்மையில் கண் கூசிப் புரை விழுந்த பெண்ணுக்கும் இதே கதிதான்.

தமிழ்நாட்டுச் சட்டசபை 1997-ல் தனியார் மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் சட்டத்தை இயற்றிற்று. நாட்டில் பல மாகாணங்களுக்கு முன்னதாகச் செய்த காரியம் இது. ஆனால் சட்டத்தை நடத்துவதற்கு வேண்டிய விதிகள் 2018-ல்தான் வெளியாயின. இருபத்தொரு ஆண்டுகள் ஒரு சட்டம் கை கால் இல்லாமல் புத்தகத்தில் கிடந்தது. சட்டம் இயற்றப்பட்ட ஆண்டில் பிறந்த குழந்தை அதற்குள் வளர்ந்து வாக்களிக்கும் வயதையும் கடந்துவிட்டது. இத்தாமதத்திற்கு நான் எந்தச் சமாதானத்தையும் ஏற்கத் தயாராக இல்லை.

இன்றைக்கு நிலைமை முன்னேறியிருக்கிறது என்பதை மகிழ்ச்சியோடு சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிக் கழிவைப் பற்றி 1998-ல் வந்த விதிகள் 2016-ல் புதுக்கப்பட்டு, மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று பாத்திரங்களை வகுத்தன. சர்க்கார் நிலையங்களுக்குத் தேசியத் தர உறுதி முறை 2013-லும், சுத்தத்திற்குப் பரிசளிக்கும் காயகல்ப் திட்டம் 2015-லும் வந்தன. சோதனைக்கு வருகிறவர் இப்போது பதிவேட்டை மட்டும் புரட்டுவதில்லை. தடுப்பூசி வைத்திருக்கும் குளிர்பெட்டியைத் திறந்து, வெப்பமானி 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவில் நிற்கிறதா, காலையிலும் மாலையிலும் அதைக் குறித்திருக்கிறார்களா என்று பார்க்கிறார். ஆட்டோகிளேவிலிருந்து எடுத்த பொட்டலத்தில் ஒட்டிய நாடாவின் கோடுகள் கறுத்திருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறார்; கோடு வெளுத்திருந்தால் ஆவி போதவில்லை என்பது தெரிந்துவிடும். அவசர மருந்துத் தட்டிலுள்ள அட்ரினலின் குப்பியைத் திருப்பிக் காலாவதித் தேதியை வாசிக்கிறார். நர்ஸை அழைத்துக் கை கழுவிக் காட்டச் சொல்லுகிறார். எல்லாவற்றிற்கும் மேலாக, பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நோயாளியிடம் சென்று, எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள், மருந்தை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொன்னார்களா என்று கேட்கிறார். நானூற்று எழுபது ஆண்டுச் சரித்திரத்தில், சோதனைக்கு உட்பட்ட பொருளாக இருந்த நோயாளி சாட்சியாக ஏற்றம் பெற்றது இப்போதுதான்.

காயகல்ப் முறையில் மற்றொரு நன்மையும் உண்டு. நிலையத்தார் முதலில் தம்மையே சோதித்துக்கொள்ளுகிறார்கள். அடுத்ததாகப் பக்கத்து நிலையத்தார் வந்து பார்க்கிறார்கள். அதன் பின்னரே வெளியார் வருகிறார்கள். ஒரே தொழிலிலுள்ளவர் வந்து பார்க்கும்போது, சுண்ணாம்பு அடித்து மறைக்க முடியாது. எந்த மூலையில் தூசி சேரும் என்பது அவருக்கும் தெரியும். நூற்றுக்கு எழுபது பெற்ற நிலையங்கள் பரிசுக்குரியவையாகின்றன, அவற்றின் பெயர்களும் வெளியாகின்றன. மீந்த முப்பதில் என்ன குறை, எழுபதை எட்டாதவற்றில் எது போதவில்லை என்பதோ வாசலில் எழுதப்படுவதில்லை. தனியார் கிளினிக்கிலும் பதிவுச் சான்று சுவரில் தொங்குகிறது. உள்ளே என்ன கண்டார்கள் என்பதை அது சொல்வதில்லை. இங்கிலாந்து தேசத்தில் குடும்ப வைத்தியர்களின் கிளினிக்குகள் 2013 முதல்தான் அரசாங்கப் பதிவுக்கும் சோதனைக்கும் உட்பட்டன. அவர்களும் நமக்கு வெகுதூரம் முந்தியவர்கள் அல்லர். ஆனால் நான்கு படிகளாக வகுத்து மதிப்பிட்டு, அந்த மதிப்பை 2015 முதல் வாசலில் எல்லோரும் காண ஒட்ட வேண்டும் என்று விதித்துவிட்டார்கள். அதனால் அங்கே டாக்டர்களுக்குக் கவலையும் காகித வேலையும் பெருகின என்று கேள்வி. அந்தக் குறை உண்மையானதே. தனியாக ஒரு டாக்டர் ஒரே கம்பவுண்டரோடு ஐம்பது ரூபாய்க்கும் நூறு ரூபாய்க்கும் பார்க்கிற சிறு கிளினிக்கை, பெரிய ஆஸ்பத்திரிக்குரிய விதிகளால் நெருக்கினால், அது மூடிப்போகும். மூடினால் நஷ்டம் அந்தத் தெருவின் ஏழைகளுக்கே. ஆதலால் சல்லடை வேறு வேறாக இருக்கட்டும். முத்துக்குப் பத்துப் பெட்டி வைத்த கரைக்கு, சிறு கிளினிக்குக்கு ஒன்றும் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒன்றுமாக இரண்டு பெட்டி செய்வது கஷ்டமாகாது.

1961-க்குப் பின்னர் தூத்துக்குடியில் முத்துச் சலாபம் நடக்கவில்லை. பார்கள் வறண்டன, பித்தளைப் பெட்டிகள் காட்சிப் பொருள்களாயின. 2000-ல் இவ்வூரில் மருத்துவக் கல்லூரி ஏற்பட்டது. தெருவுக்குத் தெரு கிளினிக்கும் ஸ்கேன் நிலையமும் எழுந்துவிட்டன. சோதிக்கும் அதிகாரிகளுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான்: நீங்கள் கண்டதை, குறையும் நிறையுமாக, எளிய தமிழில் ஒரு தாளில் எழுதி, அந்த நிலையத்தின் வாசலில், சீட்டு வாங்கும் இடத்திற்கு மேலே ஒட்டச் செய்யுங்கள். வாசகர்களுக்கும் ஒன்று சொல்லுவேன்: அடுத்த முறை கிளினிக்குக்குச் செல்லும்போது பதிவுச் சான்றின் தேதியைப் பாருங்கள், ஊசி போடுமுன் புதிய பொட்டலத்தை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவாகாது. நல்ல டாக்டர் எவரும் அதற்காகக் கோபித்துக்கொள்ளமாட்டார்.